ராஜகுமாரி தியேட்டர் இருந்த இடம்

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வடக்கே நூறடி சாலையில் போகிறவர்களுக்கு வழி நெடுகச் சினிமா துணைக்கு வரும். அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் காசி தியேட்டர். அசோக் பில்லரை நெருங்கினால் 1983இல் திறந்து 2024இல் மூடிய உதயம் வளாகத்தின் இடம். வடபழனியில் ஆற்காடு சாலையைத் தொட்டால், விஜயா–வாகினி ஸ்டூடியோ இருந்த மண்ணில் மருத்துவமனையும் பேரங்காடியும் நிற்கின்றன. அதே சாலையில் ஏவிஎம் ஸ்டூடியோ வாசலின் உலக உருண்டை. தெற்கே கிண்டியில் ஒருகாலத்தில் நரசு ஸ்டூடியோ இருந்தது. மேற்கே எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டம். ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஜெயா தொலைக்காட்சியின் அலுவலகம் இருக்கிறது. அந்தக் குழுமத்தின் ஜெ மூவிஸ் போன்ற சேனல்களில் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் வரும்போது வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்காரும் பாட்டிமார்கள் இந்தப் பகுதியில் இன்னும் உண்டு.

இந்தத் தடத்தில் கிடைக்காத ஒரு பெயரைத் தேடிப் போக வேண்டுமானால் தி. நகருக்குத் திரும்பிப் பாண்டி பஜாருக்குள் நுழைய வேண்டும். சர் தியாகராயர் சாலையில் ராஜகுமாரி தியேட்டர் இருந்தது. அதைக் கட்டியவர் டி.ஆர். ராஜகுமாரி. தென்னிந்தியாவில் சொந்தமாகத் திரையரங்கு வைத்திருந்த முதல் நடிகை என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். கட்டடம் இடிக்கப்பட்டு வணிக வளாகமாகிவிட்டது. துணிக்கும் பாத்திரத்துக்குமாகப் பை சுமந்து அந்த நடைபாதையில் போகிறவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் அது ‘ராஜகுமாரி இருந்த இடம்’.

அதே தி. நகரின் மற்ற ஞாபகங்களைப் பார்த்தால் இந்த வெறுமை உறைக்கும். எம்.ஜி.ஆர். வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக நிற்கிறது. தெற்கு போக் சாலை செவாலியே சிவாஜி கணேசன் சாலையாகிவிட்டது. அவருக்கு அடையாற்றில் 2017 முதல் மணிமண்டபமும் இருக்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சிலை, 1969 ஜனவரியில் அதைத் திறந்துவைத்ததுதான் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. இவர்கள் எல்லோரும் கௌரவிக்கப்பட வேண்டியவர்கள், சந்தேகமில்லை. ஆனால் தமிழ் சினிமாவின் முதல் ‘கனவுக்கன்னி’ என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் கொண்டாடிய பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த ஒரே அடையாளம் அவரே கட்டிக்கொண்ட தியேட்டர். அது போனபின் அவர் பெயரைத் தாங்க அங்கே சுவர்கூட இல்லை.

ராஜகுமாரி 1922இல் தஞ்சாவூரில் பிறந்தார். வீட்டுப் பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் கர்நாடக இசையில் பெயர் பெற்றவர். சித்தி எஸ்.பி.எல். தனலட்சுமி முப்பதுகளில் திரையில் நடித்துக்கொண்டிருந்தார். பாட்டும் ஆட்டமும் வழிவழியாக வந்த குடும்பங்களின் பெண்களுக்கு அந்தப் பத்தாண்டு ஒரு திருப்புமுனை. தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் ஒருபக்கம் வலுத்து 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமாகவே வந்தது. இன்னொரு பக்கம் பேசும் படம் வந்து, குரல் உள்ளவர்களுக்கும் அபிநயம் தெரிந்தவர்களுக்கும் புதிய மேடை போட்டுக் கொடுத்தது. கோயிலும் மிராசுதார் வீட்டுக் கச்சேரியும் கைவிட்ட கலையைச் சினிமா சம்பளம் கொடுத்து வாங்கிக்கொண்டது. தமிழ் சினிமாவின் முதல் பதினைந்து ஆண்டுகளைப் பேசும்போது இந்தப் பெண்களின் பங்கைப் பக்கவாட்டுச் செய்தியாக ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் இல்லாமல் அந்தப் படங்களே இல்லை.

இயக்குநர் கே. சுப்ரமணியம் தனலட்சுமியைப் பார்க்கப் போனபோது, வீட்டில் நடமாடிய மாநிறப் பெண்ணை வேலைக்காரப் பெண் என்று முதலில் நினைத்தார் என்றும், பிறகு அவரையே கதாநாயகியாக்கினார் என்றும் ஒரு கதை பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை எப்படியிருந்தாலும், 1941இல் சுப்ரமணியம் இயக்கிய ‘கச்ச தேவயானி’தான் ராஜகுமாரியைத் தமிழகம் முழுவதும் பேசவைத்தது. அடுத்த ஆண்டே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மனோன்மணி’யில் பி.யு. சின்னப்பாவுக்கு ஜோடி. 1943இல் ‘சிவகவி’. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’.

‘ஹரிதாஸ்’ வந்த காலத்தை மறந்துவிட்டு அதன் வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் சென்னையே பாதி காலியான பிறகு, மக்கள் மெல்லத் திரும்பி வந்திருந்தார்கள். கச்சா பிலிம் கப்பலில் வர வேண்டும். கப்பல் போருக்குப் போய்விட்டது. அதனால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. முப்பதுகளில் ஐம்பது அறுபது பாட்டோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்ட தமிழ்ப் படம், இந்தக் கத்திரியால் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கக் கற்றுக்கொண்டது. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கிய ‘ஹரிதாஸ்’ இறுக்கமான படமாக இருப்பதற்கு அந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். பாபநாசம் சிவனின் வரிகள், ஜி. ராமநாதனின் இசை, இளங்கோவனின் வசனம், எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல். இத்தனை பேருக்கு நடுவில் ரம்பா என்ற தாசியாக வருகிறார் ராஜகுமாரி.

‘மன்மத லீலை’ பாட்டில் அவர் செய்வதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாட்டு பாகவதருடையது, ராஜகுமாரிக்கு ஆட்டமும் முகமும்தான். பாகவதர் பாடும்போது கேமராவுக்காக நிற்கிறார். அவருடைய மேடைப் பழக்கம் அது. ராஜகுமாரியோ கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அறிந்து, அதற்குத் தக்கபடி கண்ணையும் உதட்டையும் அளந்து பயன்படுத்துகிறார். கையால் முத்தத்தை வீசும் அந்த ஒரு கணம் அன்றைய அரங்குகளில் பெரும் ஆரவாரத்தைக் கிளப்பியது. நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்த காலத்தில், நெருக்கக் காட்சிக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்த நடிப்பு அது. அழகு என்று சொல்லி இதை முடித்துவிட்டவர்கள் அதில் இருந்த தொழில் நுட்பத்தைப் பார்க்கவில்லை.

படம் சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. இடையில் நடந்தது சினிமாவை விஞ்சிய சோகம். 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் தண்டனை பெற்றார்கள், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல்தான் விடுதலையானார்கள். படத்தின் நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில். திரையில் அவர்கள் தினமும் பாடியும் சிரிக்கவைத்தும் கொண்டிருந்தார்கள். சினிமாப் பெண்களின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த பத்திரிகைகள் அந்தக் காலத்தில் எவ்வளவு நஞ்சைக் கக்கின என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி. அப்படிப்பட்ட சூழலில் முன்னணியில் நின்ற ஒரு நடிகை, திருமணம் செய்துகொள்ளாமல், தம்பி தங்கைகள் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு தன் பணத்தைத் தானே கையாண்டார் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

அதே 1944 டிசம்பரில் கலிபோர்னியாவில் வேறொரு நடிகை நீதிமன்றத்தில் வென்றுகொண்டிருந்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஏழாண்டு ஒப்பந்தத்தை, நடிக்க மறுத்த நாள்களையெல்லாம் கூட்டி நீட்டிக்கொண்டே போனதை எதிர்த்து ஒலிவியா டி ஹாவிலண்ட் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஹாலிவுட்டின் ‘பொற்காலம்’ என்று இன்று ஏக்கத்தோடு பேசப்படும் ஸ்டூடியோ ஆட்சியின் பிடியை முதலில் தளர்த்தியவற்றில் அதுவும் ஒன்று. சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் இருந்த ஸ்டூடியோக்கள் அந்த அமைப்பைத்தான் பார்த்து நடந்தன. ஜெமினியிலும் மாடர்ன் தியேட்டர்ஸிலும் நடிகர், கதை இலாகா, சமையல்காரர் என்று எல்லோருக்கும் மாதச் சம்பளம். ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்த வாழ்க்கையை எழுதியதால்தான் அதன் சின்ன மனிதர்கள் நமக்குத் தெரியவந்தார்கள். ராஜகுமாரி அந்த முறைக்குள் வந்து போனாலும் ஒரே கூரைக்கு அடங்கவில்லை. சென்ட்ரல், மாடர்ன், ஜெமினி, ஜுபிடர் என்று எல்லா வாசலிலும் அவருக்கு அழைப்பு இருந்தது.

ஜெமினியின் வாசல் அவருக்கு வேறு வகையில் முக்கியம். அண்ணா மேம்பாலத்தை இன்றும் ஊர் ‘ஜெமினி ஃப்ளைஓவர்’ என்றே சொல்கிறது; அந்தப் பக்கத்து நட்சத்திர ஓட்டல் நிற்கும் இடத்தில்தான் ஸ்டூடியோ இருந்தது. அதற்கும் முன்பு அது கே. சுப்ரமணியத்தின் மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன். தீ விபத்தில் நொடிந்து ஏலத்துக்கு வந்தபோது எஸ்.எஸ். வாசன் வாங்கி ஜெமினி என்று பெயர் வைத்தார். ராஜகுமாரியைக் கண்டெடுத்தவர் இழந்த அதே மண்ணில், சில ஆண்டுகள் கழித்து ராஜகுமாரி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய படத்தில் நடித்தார்.

‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் வெளியானது. நாற்பதுகளின் நடுவிலிருந்து இழுத்துக்கொண்டே போன தயாரிப்பு. தொடங்கிய இயக்குநர் ஆச்சார்யா விலகி வாசனே இயக்கினார். நாயகி வேடத்துக்கு முதலில் பேசப்பட்ட கே.எல்.வி. வசந்தா மாடர்ன் தியேட்டர்ஸுக்குப் போய்விட, அது ராஜகுமாரிக்கு வந்தது. செலவு முப்பது லட்சம் ரூபாயைத் தொட்டதாகக் கணக்கிடுகிறார்கள். சாதாரணப் படம் இரண்டு மூன்று லட்சத்தில் முடிந்த காலம் அது. உண்மையான சர்க்கஸ் கம்பெனிகளை வரவழைத்துப் படம் பிடித்தார் வாசன். எம்.கே. ராதா நல்ல இளவரசன், ரஞ்சன் கெட்ட இளவரசன். முரசு நடனம் உலகப் புகழ் பெற்றது. கெட்டவனை மணக்கச் சம்மதிப்பதுபோல் நடித்துச் சந்திரலேகா அந்த நடனத்தைக் கேட்கிறாள். வரிசை வரிசையாகப் பெரிய முரசுகள், அவற்றின்மேல் நடனப் பெண்கள், நடுவில் ராஜகுமாரி. ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள்.

அந்தக் காட்சியின் பிரம்மாண்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கதையில் அந்தப் பெண்ணின் இடத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. படத்தில் திட்டம் போடுகிறவர்களில் அவளும் ஒருத்தி. குகைக்குள் அடைபட்ட நாயகனை, சர்க்கஸ் யானைகளைக் கொண்டு பாறையை நகர்த்தவைத்து மீட்கிறவள் அவள். எதிரியின் கோட்டைக்குள் படையைக் கொண்டு சேர்க்கும் சூழ்ச்சிக்கு முகமும் அவள்தான். ‘சிவகவி’யிலும் ‘ஹரிதாஸி’லும் நாயகனை மயக்கப் பார்ப்பவளாக வந்த அதே கண் வீச்சு, இங்கே நல்லதற்குப் பயன்படும் ஆயுதமாகிறது. தமிழ்ப் படம் அந்த நடிகையின் திறமையைப் பயந்து பார்க்காமல் நம்பிப் பயன்படுத்திய அரிய தருணம் இது. 1954இல் ‘மனோகரா’ அவரை மறுபடி வசந்தசேனையாக்கி வில்லியிடமே திருப்பி அனுப்பியது. கண்ணாம்பாவும் சிவாஜியும் கலைஞரின் வசனத்தில் கர்ஜித்த அந்தப் படத்தில், அடங்கிய குரலில் நஞ்சை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஐம்பதுகளில் அவர் தயாரிப்புக்குள் வந்தார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து தொடங்கிய ஆர்.ஆர். பிக்சர்ஸில் அந்த இரண்டு ‘ஆர்’களும் ராஜகுமாரியும் ராமண்ணாவும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அந்த நிறுவனத்தின் படம். அடுத்த ஆண்டு ‘குலேபகாவலி’. இரண்டு பெரும் நாயகர்களையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்திய தயாரிப்பின் பின்னால் ஒரு பெண்ணின் பணமும் பெயரும் இருந்தன என்பதை அந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் யாரும் சொல்வதில்லை. 1963இல் ‘வானம்பாடி’யோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். 1999 செப்டம்பர் 20 அன்று காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஆகஸ்டில்தான் ஜெயா தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. அவரைத் திரையரங்கில் பார்த்த தலைமுறை குறையத் தொடங்கி, தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கப்போகிற தலைமுறை வந்துகொண்டிருந்த நேரம்.

‘சந்திரலேகா’வை எந்த வீட்டிலும் பார்க்க முடிகிறது, ஆனால் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸி’ல் (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் மௌனப் படம் ‘கீசகவதம்’ எங்கும் இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் கலைத் தரம் காரணமல்ல. பிரதிகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் விதியைத் தீர்மானித்தது. ‘சந்திரலேகா’வுக்குத் தமிழிலும் இந்தியிலுமாக அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். அத்தனையில் சில தப்பும். ஏழெட்டுப் பிரதியோடு ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அன்றைய பிலிம் நைட்ரேட்டால் ஆனது. அது தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது; தீப்பிடிக்காவிட்டாலும் வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும். அதைவிடப் பெரிய எதிரி வியாபாரம். ஓடி முடிந்த படச்சுருளில் ஒட்டியிருக்கும் வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றார்கள். ஐம்பதுகளில் அதன் இடத்தைப் பிடித்த அசிடேட் பிலிம் எளிதில் எரியாது. ஆனால் காற்றோட்டமில்லாத தகர டப்பாவில் புளித்து, காடி வாடை அடித்து, சுருங்கிப்போகும். கடற்கரை ஊரான சென்னையின் காற்று இரண்டுக்கும் பகை.

ஹாலிவுட் இதில் உத்தமமாக நடந்துகொண்டது என்று நினைத்தால் தவறு. 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வின்படி அந்நாட்டு மௌனக் கதைப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அழிந்துவிட்டன. மூல வடிவத்தில் முழுமையாக இருப்பவை 14 சதவீதம். ராஜகுமாரியைப் போலவே மயக்கும் பெண் வேடங்களில் புகழின் உச்சிக்குப் போன தீடா பாராவின் கதி இன்னும் கொடியது. 1937 ஜூலையில் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பிலிம் கிடங்கு எரிந்தபோது, அவர் நடித்த சுமார் நாற்பது படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. 1917இல் அவர் நடித்த ‘கிளியோபாத்ரா’வில் இன்று மிஞ்சியிருப்பது சில துண்டுகள் மட்டும். ஆனால் இழப்பை உணர்ந்த பிறகு அந்த நாடு செய்தது வேறு. 1988இல் சட்டம் போட்டுத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியது. ஆண்டுதோறும் 25 படங்களைத் தேர்ந்து காக்கிறது. இந்தியாவில் 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பி.கே. நாயர் என்ற தனிமனிதர் ஊர் ஊராக அலைந்து சேர்த்ததே நம் அடித்தளம். கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ நமக்கு இருப்பது அந்தக் காப்பகத்தால். 2003இல் புனேயில் நேர்ந்த தீ விபத்து அங்கிருந்த பழைய நைட்ரேட் சுருள்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது.

தமிழகத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் அதிகமும் தனி ஆட்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒரு கேமராவோடும் பட்டியலோடும் தொடங்கிச் சேர்த்த படங்களும் தகவல்களும் இல்லாவிட்டால், எந்த ஆண்டு எந்தப் படம் வந்தது என்பதே பாதி தெரியாமல் போயிருக்கும். அவர் 2016இல் மறைந்தார். ராண்டார் கை ஆங்கிலத்தில் எழுதிய நூற்றுக்கணக்கான குறிப்புகள், தியடோர் பாஸ்கரனின் நூல்கள் ஆகியவற்றின் மேல்தான் இன்று எழுதுகிறவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். 2017இல் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் சென்னையில் படப் பாதுகாப்புப் பயிலரங்கை நடத்தியது. பிலிமைத் துடைக்கவும் ஒட்டவும் இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். 2023இல் ஏவிஎம் தன் வளாகத்திலேயே அருங்காட்சியகம் திறந்தது. ஒரு மாநிலத்தின் அரசியலையே உருவாக்கிய கலைக்கு இவை போதாது. முதலமைச்சர்கள் பலரைத் திரைத் தொடர்பிலிருந்து கண்ட தமிழ்நாட்டில், குளிரூட்டப்பட்ட ஒரு பிலிம் காப்பகத்துக்கான கோரிக்கை எந்தக் காலத்திலும் மக்கள் கோரிக்கையாக எழவில்லை.

படம் போனாலும் தங்கிவிட்ட ஒரு பொருள் உண்டு. அது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற, மலிவுத் தாளில் அச்சான எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். அட்டையில் நாயகியின் படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பிறகு பாட்டுகள். வீட்டுப் பெண்கள் அதை வைத்துக்கொண்டு பாட்டைப் பாடம் செய்தார்கள். பீரோ அடித்தட்டில் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் பிலிமைவிடத் தாள் அதிக நாள் வாழ்ந்தது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து கிண்டி வழியாக அங்கே போக அதிக நேரம் ஆகாது.

அந்தப் புத்தகங்களில் கதைச்சுருக்கம் ஒருபோதும் முடியாது. நாயகி ஆபத்தில் இருப்பாள், அல்லது நாயகன் ஊரைவிட்டுப் போயிருப்பான். அங்கே நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடித்திருப்பார்கள். ராஜகுமாரியின் தலைமுறையில் வெளிவந்த பல படங்களுக்கு அந்த மீதி இப்போது எந்தத் திரையிலும் இல்லை. அட்டையில் அச்சு மை படிந்து மங்கிய முகம் மட்டும், அரை நூற்றாண்டுக்கு மேல் யார் வீட்டுப் பீரோவிலோ இருந்துவிட்டு வந்து, அந்த நூலகத்தில் அமிலமற்ற உறைக்குள் இருக்கிறது.